பெரியம்மாவின் விடுப்பு

வீரலட்சுமி ராக்குவை அடித்தது ஒரு புதன்கிழமை காலை. மாசி மாதம், 1970. மணி ஆறரை இருக்கும்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில் பழைய நெல் கிட்டங்கி ஒன்று இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து அதற்குச் சுண்ணாம்படித்து, நடுவில் தட்டி வைத்து மறித்து, குழந்தைகள் இல்லமாக ஆக்கியிருந்தார்கள். ரயிலடியில் கிடைத்தவர்கள், ஆஸ்பத்திரியில் விட்டுப் போகப்பட்டவர்கள், பெற்றவர்கள் இருந்தும் வைத்துக் காப்பாற்ற முடியாதவர்கள் என்று இருபத்துநான்கு பிள்ளைகள். கமிட்டியின் காகிதங்களில் வீரலட்சுமி மேட்ரன். பிள்ளைகளுக்குப் பெரியம்மா.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கட்டியவன் பிழைக்க இலங்கைக்குப் போனான். மூன்று வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அங்கேயே குடும்பமாகிவிட்டான் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் கிராம சேவிகைப் பயிற்சிக்குப் போனாள். முடித்ததும் இந்த இல்லத்தில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் அவளுக்குப் பிடித்தே இருந்தது. ஒரு பிள்ளையைத் தத்துக் கொடுத்து அனுப்பினால் மூன்று நாள் அழுவாள். அழுத கையோடு அடுத்த பிள்ளைக்குத் தலைசீவி விடுவாள்.

அவளுக்கு உதவியாக இருந்த அமிர்தம் கல்யாணமாகிப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ‘ஆள் பாக்குறோம்’ என்று கமிட்டியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சமையலுக்கு நபீஸா உண்டு. அவள் விடியலில் வந்து மாலையில் வீட்டுக்குப் போய்விடுவாள். மற்ற எல்லாம் வீரலட்சுமிதான். குளிப்பாட்டுவது, பேன் எடுப்பது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, சொறிக்கு மருந்து போடுவது, பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிற பெரிய மனிதர்கள் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் பாட வைப்பது.

எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாள், கைக்குழந்தை ஒன்றை மதுரைக்காரத் தம்பதி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவள் மனத்தில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தூளியை அவிழ்த்துவிடலாம். அழுகை வரவில்லை. வராததை நினைத்துக் கொஞ்சம் பயந்தாள். பிறகு பயப்படவும் நேரம் இல்லை. பிள்ளைகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தாள். பஸ் ஹாரன் சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளையோ அழுகிறது என்று எழுந்து ஓடினாள். நபீஸா குழம்பில் உப்புப் போட மறந்த அன்று பிள்ளைகள் எல்லாம் முகம் சுளித்தார்கள். வீரலட்சுமி மட்டும் தட்டைக் காலி செய்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

ராக்கு வந்து எட்டு மாதம். ஐந்து வயது இருக்கலாம். காரைக்குடி ஜங்ஷனில் தனியாக நின்றவளை ரயில்வே போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். பெயரைத் தவிர வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வந்த அன்றே வீரலட்சுமியின் சேலைத் தலைப்பைப் பிடித்தவள் விடவேயில்லை. அடுப்படி, கிணற்றடி, கொல்லைப்புறம், எங்கு போனாலும் பின்னால் வந்தாள். கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று, “பெரியம்மா, உள்ள இருக்கீகளா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இவள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. அவர்களைத் தட்டிக்கு அந்தப்பக்கம் தனியாகப் படுக்க வைத்து வேப்பிலை பரப்பியிருந்தாள். மூன்று இரவாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தால் ராக்கு பாயை நனைத்திருந்தாள். பாயைக் கழுவிப் போட்டு, அவளைக் கழுவி, வேறு பாவாடை கட்டிவிட்டு, அம்மை போட்ட பிள்ளைகளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். பின்னால் தலைப்பு இழுபட்டது.

“விடு ராக்கு. அங்குட்டு நீ வரக்கூடாது. அம்மை ஒட்டிக்கும்.”

ராக்கு விடவில்லை.

“விடுங்கிறேன்ல.”

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கஞ்சி சிந்தி வீரலட்சுமியின் காலில் கொட்டியது. குண்டானைக் கீழே வைத்தாள். திரும்பினாள். அடித்தாள்.

ஒரு அடியோடு நிற்கவில்லை. முதுகில், தோளில், கன்னத்தில், மறுபடி முதுகில். அதற்குள் நபீஸா அடுப்படியிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள்.

“பெரியம்மா! என்ன செய்றீக? விடுங்க! புள்ள செத்துப்போகும்!”

ராக்கு அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். மற்ற பிள்ளைகள் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு, கரி பூசிய வாயோடு நின்றார்கள்.

வீரலட்சுமி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்திருந்தது. அவளைப் பயமுறுத்தியது அடித்தது அல்ல. அடிக்க அடிக்க உடம்பில் ஏதோ பாரம் இறங்கியது போல, நெடுநேரம் நின்றவளுக்கு உட்கார இடம் கிடைத்தது போல இருந்தது. நபீஸா வந்து பிடிக்காமல் இருந்தால் நிறுத்தியிருப்போமா என்று யோசித்தாள். தெரியவில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நபீஸாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு தாளில் நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு நடந்தாள்.

செயலாளர் குழந்தைவேலு தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவர். சம்பளம் வாங்காமல் இல்லத்து வேலையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து ரிஜிஸ்டரைப் பார்ப்பார், பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார், போய்விடுவார்.

“என்னம்மா இந்த நேரத்துல? அம்மை முத்திப்போச்சா?”

அவள் தாளை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ‘இன்று காலை ராக்கு என்ற பெண் குழந்தையைக் காரணம் இல்லாமல் நான்கு அடி அடித்தேன். இனி குழந்தைகள் என்னிடம் இருப்பது நல்லதல்ல. என்னை வேலையிலிருந்து நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

படித்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குப் போயா எழுதிக்கிட்டு வந்தீக? புள்ளைகளை அடிக்காம யாரு வளக்குறா? நான் என் மகனை விட்டத்துல கட்டிப்போட்டு அடிச்சிருக்கேன். இப்ப பாங்கியில இருக்கான்.”

“நான் அடிச்சது வளக்கிறதுக்கு இல்லைங்க சார்.”

“பின்னே?”

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அடிக்கையில எனக்கு நல்லா இருந்துச்சு சார்” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு பேசியபோது குரல் கடுத்திருந்தது. “பங்குனியில ஆண்டு விழா வருது. கலெக்டர் வாராரு. இப்ப நீங்க விட்டுட்டுப் போனா இருபத்துநாலு உசுரு என்ன ஆகும்? அநாதைப் புள்ளைகம்மா. அதுகளுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?”

ஏழு வருஷமாக அவளை எழுந்து நடக்க வைத்த வார்த்தை இதுதான். உடம்பு சுட்ட நாளில், அமிர்தம் போன மறுநாளில், அம்மா செத்து எட்டாம் நாள் இல்லத்துக்குத் திரும்பிய அன்று, எல்லா நாளும் இதைச் சொன்னால் அவள் எழுந்துவிடுவாள். இன்று அந்த வார்த்தை காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

“அதுக்குத்தான் சார் போறேங்கிறேன். இன்னொரு நாள் நபீஸா இல்லாத நேரமா இருந்தா?”

அவருக்குப் பின்னால் கதவோரம் அவர் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “பத்து நாளைக்குப் போய்ட்டு வரட்டுமேங்க. நம்ம போய் இருந்து பாத்துக்குவோம். புள்ளைகதானே” என்றார்.

மதியம் சிங்கம்புணரி பஸ்ஸில் வீரலட்சுமி உட்கார்ந்திருந்தாள். புறப்படும்போது ராக்கு எதிரே வரவில்லை. நபீஸாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். வீரலட்சுமியும் அவளைக் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

தம்பி முத்துராமலிங்கத்தின் வீடு சிங்கம்புணரிக்குத் தெற்கே இரண்டு மைல். அவன் மனைவி பொன்னழகுக்கு மூன்று பிள்ளைகள், கடைசி எட்டு மாதக் கைக்குழந்தை. அக்காவைக் கண்டதும் தம்பி, “என்னக்கா, கடுதாசி கூடப் போடாம?” என்றான். “லீவு” என்றாள். ஏழு வருஷத்தில் அம்மா சாவுக்குத் தவிர லீவு எடுக்காதவள் சொன்ன அந்த ஒரு சொல்லில் ஏதோ இருந்ததால் அவன் மேலே கேட்கவில்லை.

நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்தாள். அன்று சாயங்காலம் படுத்தவள் மறுநாள் மதியம் எழுந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படுத்தாள். பொன்னழகு இரண்டு தடவை வந்து, அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை பொன்னழகு கடலைக் காட்டுக்குக் கிளம்பினாள். கைக்குழந்தையை வீரலட்சுமியின் மடியில் வைத்தாள். “மதினி, நீங்கதான் இருக்கீகளே. உங்களுக்குத் தெரியாத புள்ளை வளப்பா? ஒரு எட்டுப் போய்ட்டு வந்திருறேன்.”

குழந்தை கனத்தது. சூடாக இருந்தது. பால் வாசம் அடித்தது. வீரலட்சுமி அதைப் பிடிக்காமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“எடு பொன்னழகு.”

“என்ன மதினி?”

“புள்ளையை எடு. என்கிட்ட குடுக்காத.”

பொன்னழகின் முகம் சுருங்கிவிட்டது. “ஏன், என் புள்ளைன்னா ஆகாதா? ஊரான் வீட்டுப் புள்ளைகளைத்தான் தூக்குவீகளோ?” என்று வெடுக்கென்று குழந்தையை எடுத்துக்கொண்டாள். வீட்டை விட்டு இறங்கப் போனவள், திரும்பிப் பார்த்தாள். வீரலட்சுமியின் கை இரண்டும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன மதினி ஆச்சு?”

வீரலட்சுமி சொன்னாள். ராக்குவை, பாயை, கஞ்சியை, நான்கு அடியை.

“அட, இம்புட்டுத்தானா? நான் தெனமும் போடுறேன் மதினி. பெரியவனைக் கேட்டுப் பாருங்க.”

“அடிச்சா உனக்கு வலிக்குமா?”

“வலிக்காம? அவன் ரெண்டு நாழி அழுதா நான் நாலு நாழி அழுவேன்.”

“எனக்கு வலிக்கலை பொன்னழகு. இன்னும் வலிக்கலை. வலிக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.”

பொன்னழகு அன்று காட்டுக்குப் போகவில்லை. மத்தியானம் கேப்பைக் கூழும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். “பேசாமச் சாப்பிட்டுத் தூங்குங்க. நாளைக்கும் தூங்குங்க. புள்ளைகளை இங்குட்டு விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை அதட்டி வெளியே ஓட்டினாள். கருவாடு கரித்தது. உப்பு நாக்கில் பட்டதை வீரலட்சுமி கவனித்தாள்.

ஏழாம் நாள் பகல் இரண்டு மணிக்குக் குழந்தைவேலு வந்தார். சிங்கம்புணரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்திருந்தார். முகச்சவரம் செய்யவில்லை. சட்டையில் மேல் பொத்தான் இல்லை. கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள்.

“அம்மை ஏழு பேருக்குப் பரவிருச்சும்மா” என்றார். “என் வீட்டுக்காரிக்கு இடுப்புப் பிடிச்சு எந்திரிக்க முடியலை. நபீஸாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். நேத்துப் புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுக்குள்ள ஒருத்தனுக்கு வயித்தால போயி, இன்னொருத்தி சட்டை போட மாட்டேன்னு… இல்லத்து ரிஜிஸ்டரை யாரோ கிணத்துல போட்டுட்டானுக. அதை எடுக்கப் போய்…”

வாக்கியம் முடியவில்லை. தலை ஒருபக்கம் சாய்ந்தது. மோர்ச் செம்பு கையில் இருந்தபடியே அவர் உறங்கிவிட்டார்.

பொன்னழகு வாயைப் பொத்திச் சிரித்தாள். வீரலட்சுமி சிரிக்கவில்லை. அந்த உறக்கம் அவளுக்குத் தெரிந்த உறக்கம். செம்பை மெதுவாக விரல்களிலிருந்து விடுவித்துக் கீழே வைத்தாள். கோழிகளை விரட்டிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் விழித்துக்கொண்டார். வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒரு வாரம்மா” என்றார். “நானும் வீட்டுக்காரியுமா ரெண்டு பேரு. நீங்க ஒருத்தி எப்படி ஒண்ணரை வருஷம் இருந்தீக?”

“தெரியலை சார்.”

“ஒரு தடவைகூட முடியலைன்னு சொல்லலையே.”

“சொன்னேன் சார். அமிர்தம் போனப்ப சொன்னேன். போன ஐப்பசியில எழுதியே குடுத்தேன்.”

அவர் தரையைப் பார்த்தார். அந்தக் கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்றுகூட அவருக்கு நினைவு வந்திருக்கலாம். பிறகு, “எப்ப வாரீக?” என்று கேட்டார். அதிகாரமாகக் கேட்கவில்லை.

“இன்னும் தூக்கம் இருக்கு சார். ஒரு மாசம் ஆகும். எனக்குச் சரிசமமா வேலை பாக்க ஒரு ஆளு வேணும். வாரத்துல ஒரு நாள் நான் இல்லத்துல இருக்க மாட்டேன், எங்கயாச்சும் போவேன். அப்புறம் நான் எழுதிக்குடுத்த தாளு. அதைக் கமிட்டியில வாசிக்கணும்.”

“மத்தது சரிம்மா. அது எதுக்கு? உங்க பேருதானே கெடும்?”

“அந்தப் புள்ளைக்காகப் பேச யாரும் வர மாட்டாக சார். தாளாவது இருக்கட்டும்.”

ஆள் உடனே கிடைத்துவிடவில்லை. இரண்டு பேர் வந்து ஒரே வாரத்தில் ஓடினார்கள். கடைசியில் நபீஸா தன் நாத்தனார் மகள் ரஹீமாவைக் கூட்டிவந்தாள். உரக்கப் பேசுகிற, எதற்கும் அசராத பெண். ஆண்டு விழா தள்ளிப்போயிற்று. கமிட்டிக் கூட்டத்தில் குழந்தைவேலு சொன்னபடி தாளை வாசித்தார். ஒருவர் அவளை நிறுத்திவிட வேண்டும் என்றார். ஒருவர் இதெல்லாம் ஒரு விஷயமா என்று எழுந்து போகப் பார்த்தார். முடிவில், மேட்ரன் கண்டிக்கப்பட்டார் என்றும், இனி ஒருவரைத் தனியாக வேலை செய்ய விடுவதில்லை என்றும் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். சித்திரையில் திரும்பி வந்த வீரலட்சுமியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். இரண்டு முறை படித்தாள். கண்டிக்கப்பட்டார் என்ற சொல்லைப் படித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

ராக்கு அவளிடம் வரவில்லை. ரஹீமாவிடமும் நபீஸாவிடமும் நன்றாகப் பேசினாள், சிரித்தாள். வீரலட்சுமி அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் போனாள். நான்காம் நாள் கிணற்றடியில் இருவரும் தனியாக நிற்க நேர்ந்தது.

“ராக்கு, நான் உன்னைய அடிச்சது தப்பு. நீ ஒண்ணும் செய்யலை.”

ராக்கு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “பாயில ஒண்ணுக்கிருந்தேன்ல?” என்றாள்.

“அதுக்கு அடிக்கக்கூடாது.”

“கஞ்சியைக் கொட்டினேன்.”

“அதுக்கும் அடிக்கக்கூடாது.”

ராக்கு யோசித்தாள். “நபீஸாம்மா தேடும்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். வீரலட்சுமி பின்னால் போகவில்லை. அந்த வருஷம் முழுக்க ராக்கு அவளிடம் தேவையானதை மட்டும் கேட்டாள். மறு வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட விட்டாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அது தனக்கு வேண்டியதுதான் என்றும், பிள்ளைக்கு அவ்வளவு தூரம் வேண்டியிருக்கிறது என்றும் வீரலட்சுமி ஏற்றுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரஹீமாவுக்கும் செவ்வாய்க்கிழமை வீரலட்சுமிக்கும் விடுப்பு; இரண்டு நாளும் குழந்தைவேலுவின் மனைவி வந்து இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் வீரலட்சுமி டவுன் பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனாள். முதல் சில வாரம் எங்கே போவது என்று தெரியாமல் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிறகு மாட்னி சினிமாவுக்குப் போகப் பழகினாள். பாதிப் படத்தில் தூங்கினாலும் யாரும் எழுப்பவில்லை.

அவள் இன்னும் நாலு வருஷம் இல்லத்தில் இருந்தாள். ஓய்வு கிடைத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தாள், ஆகவில்லை. சில நாள் பிள்ளைகள் மேல் பிரியம் ஊறியது. பல நாள் கடமையாகத்தான் செய்தாள். ஆனால் கோபம் ஏறுவது இப்போது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. பின்கழுத்தில் தெரியும். உடனே, “ரஹீமா, நீ வா இங்குட்டு” என்று சொல்லிவிட்டு வெளியே போய், சாலையோரம் நின்று லாரிகளைப் பார்ப்பாள். மறுபடி யாரையும் அவள் அடிக்கவில்லை.

எழுபத்துநாலில் கண்டரமாணிக்கத்தில் பால்வாடி திறந்தார்கள். அதற்கு மனுப் போட்டாள். குழந்தைவேலு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். கொடுக்கும்போது, “போறதுல வருத்தம் இருக்காம்மா?” என்று கேட்டார். “இருக்கு சார்” என்றாள். உண்மையாகவே இருந்தது. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

பால்வாடியில் முப்பது பிள்ளைகள். காலையில் வருவார்கள், பாட்டுச் சொல்வார்கள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். மூன்றரை மணிக்குத் தாய்மார்கள் வயல் வேலையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார்கள். சில பிள்ளைகள் போக மாட்டேன் என்று டீச்சரைப் பார்த்து அழும். “ஆத்தா கூடப் போ, நாளைக்கு வரலாம்” என்று வீரலட்சுமி அழுகிற பிள்ளையின் கையில் ஒரு பொரி உருண்டையைக் கொடுத்து அனுப்புவாள். கடைசிப் பிள்ளையும் தெரு முனை திரும்பிய பிறகு பாய்களை உதறிச் சுருட்டி வைப்பாள். பலகையைத் துடைப்பாள். கதவைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தான் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு மெதுவாக நடந்து போவாள்.